வரையத் தெரியாதவர் வெளியே உட்கார்ந்து வரையலாமா?

கேள்வி இது: "வயது முப்பத்தைந்து, மதுரையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை. வெளியே போய் ஒரு மரத்தையோ பறவையையோ பார்த்து வரைந்தால் மனம் நிதானப்படும், இயற்கையை உற்றுப் பார்க்கிற பழக்கமும் வரும் என்கிறார்கள். எனக்கு வரையவே வராது. போட்டோ எடுத்து வந்து வீட்டில் வைத்து வரைந்தால் போதாதா? எதில் ஆரம்பிப்பது? என்னென்ன வாங்க வேண்டும்?"

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். கோடு போடாத நோட்டு ஒன்று, 2பி பென்சில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகும் பரீட்சை அட்டை ஒன்று. காற்றில் தாள் பறக்காமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்ட். அவ்வளவுதான். அழிக்கிற ரப்பர் மட்டும் வாங்காதீர்கள், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். கலர் பெட்டி, பிரஷ், மடக்கு நாற்காலி என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு ஒரு நாள்கூட வாசல் தாண்டாதவர்களை எனக்குத் தெரியும். முதல் இரண்டு வருடம் நானே அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

வரையவே வராது என்கிறீர்கள். ஒரு தாளைக் கையில் கொடுத்து "இயற்கைக் காட்சி வரை" என்றால் என்ன வரைவீர்கள்? இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி சூரியன், வளைந்து வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை மரம், வானத்தில் டிக் மார்க் மாதிரி நாலு பறவை. நம் ஊரில் படித்த யாரிடம் கேட்டாலும் இதே படம்தான் வரும். மதுரையைச் சுற்றி இத்தனை மலை இருக்கிறதே, எது முக்கோணமாக இருக்கிறது? யானைமலை படுத்த யானை மாதிரி நீளமாகக் கிடக்கிறது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போன பையனும் முக்கோணம்தான் போடுவான். ஆகவே உங்களுக்கு வரைய வராமல் இல்லை. பார்க்காமலே வரையும் அளவுக்கு நன்றாகப் பழகிவிட்டது. வெளியே போய் உட்காருவது அந்தப் பழக்கத்தைக் கழற்றத்தான்.

நான் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன். ஆனால் மாணவனாக இருந்தபோது என் ரெக்கார்ட் நோட்டில் இருந்த செம்பருத்தி, அண்ணன் ஒருவரின் நோட்டைப் பார்த்துப் போட்ட செம்பருத்தி. அவர் தனக்கு முந்தைய வருடத்து நோட்டைப் பார்த்துப் போட்டிருந்தார். மேஜை மேல் நிஜப் பூ வாடிக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம். படத்துக்கு முழு மதிப்பெண் வந்தது. பல வருடம் கழித்து ஒரு மழை நாளில், வெளியே போக முடியாமல், வீட்டு வாசலில் இருந்த ஒற்றை அடுக்குச் செம்பருத்தியை வரைய உட்கார்ந்தேன். ஐந்து இதழ். ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஓரம் பக்கத்து இதழின் மேலே, மறு ஓரம் அடுத்த இதழின் அடியில். வேட்டியைச் சுற்றிச் செருகுவது மாதிரி வரிசையாகச் சுற்றியிருந்தது. இது பாடத்தில் உண்டு, வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொரு பூவை வரையும்போது கோடு தப்பாகவே வந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, முதல் பூ இடப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது, இரண்டாவது வலப்பக்கமாக. ஒரே செடியில் இரண்டு விதம். செம்பருத்தியில் இது சகஜம்தான். இதழ் இப்படிச் சுற்றியிருப்பதன் பெயரைப் பரீட்சைத் தாளில் பலமுறை எழுதியவனுக்கு அதைக் கண்ணால் பார்க்க அத்தனை வருடம் ஆயிற்று.

சரி, நிதானம் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு எனக்கு ஒரு பறவைதான் பதில்.

மடையானைப் பார்த்திருப்பீர்கள். சில ஊர்களில் குருட்டுக் கொக்கு என்பார்கள். கண்மாய் ஓரத்தில் தவிட்டு நிறத்தில், கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, கோணிச்சாக்கைச் சுருட்டி வைத்த மாதிரி நிற்கும். பறந்தால்தான் இறக்கை பளிச்சென்று வெள்ளை என்று தெரியும். அசையாமல் நிற்பதால், பறவை வரையக் கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. நானும் அப்படி நினைத்துத்தான் ஒருநாள் காலை ஆறரை மணிக்குக் கரையில் உட்கார்ந்தேன். உடம்பைப் போட்டேன், கால் போட்டேன், கழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நீளம் போதவில்லை. என் தப்பு என்று நினைத்து இன்னொரு கோடு போட்டேன். மார்பில் இருக்கும் வரிகளைக் குறித்துவிட்டுப் பார்த்தால் மறுபடியும் போதவில்லை. மூன்றாவது கோடு போட்ட பிறகுதான் உறைத்தது. தப்பு என்னுடையது இல்லை. அது கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கடிகாரத்தின் பெரிய முள் நகர்வது மாதிரி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். அடுத்த நொடி தண்ணீரில் ஒரு குத்து, வாயில் ஒரு குஞ்சு மீன்.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு மடையானுக்கு மூன்று கழுத்து. படமாகப் பார்த்தால் கேவலம்தான். ஆனால் அந்தப் பறவை எப்படி வேட்டையாடுகிறது என்பது அந்த மூன்று கோட்டில் இருக்கிறது. ரப்பர் இருந்திருந்தால் முதல் இரண்டையும் அழித்திருப்பேன். அழித்திருந்தால் அது நகர்ந்ததே தெரிந்திருக்காது. ரப்பர் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான்.

நிதானமாக இரு என்று மனசுக்குக் கட்டளை போட்டால் அது கேட்காது. எனக்கும் கேட்காது. ஆனால் கை மெதுவாகத்தான் போகும், அதைவிட வேகமாகப் போக அதற்குத் தெரியாது. ஒரு கோடு போட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டும், மறுபடி குனிய வேண்டும். கண் எவ்வளவு அவசரப்பட்டாலும் கைக்காகக் காத்திருந்தே தீர வேண்டும். வண்டியில் பிரேக் போடுவது மாதிரி கை வேலை செய்கிறது. நிதானம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். போட்டோவுக்கு நான் எதிரி இல்லை, சந்தேகம் தீர்த்துக்கொள்ள நானும் எடுக்கிறேன். ஆனால் அந்த மூன்று கழுத்தில் போட்டோவுக்குக் கிடைப்பது ஒரு கழுத்து மட்டும். லிண்டா ஹென்கெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அருங்காட்சியகத்தில், ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் சில பொருள்களைப் போட்டோ எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, முழுப் பொருளையும் போட்டோ எடுத்தவை பற்றித்தான் அவர்களுக்குக் குறைவாக நினைவிருந்தது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தபோது அந்தக் குறை இல்லை. அந்தப் பகுதியைத் தேட வேண்டியிருந்ததால் கவனித்திருக்கிறார்கள். வரைவதைப் பற்றி கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2016இல் சொன்னதும் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஒரு சொல்லை எழுதிவைத்தவர்களைவிட அதைப் படமாக வரைந்தவர்களுக்கே அது நன்றாக நினைவில் நின்றது. படம் அழகாக இருந்ததா என்பது பெரிதாக வித்தியாசம் செய்யவில்லை. சில நொடிகள் கிறுக்கினவர்களுக்கும் பலன் கிடைத்தது.

எதில் ஆரம்பிப்பது? மரத்தில் ஆரம்பிக்காதீர்கள். முதல் நாள் ஆலமரத்தின் முன்னால் போய் உட்கார்ந்தவர் இரண்டாவது நாள் வர மாட்டார். ஒரு வேப்பிலைக் கொத்து போதும். மரத்திலேயே இருக்கட்டும், பறிக்க வேண்டாம். முதல் ஐந்து நிமிடம் தாளைப் பார்க்காமல் வரையுங்கள். கண் இலையின் ஓரத்தில் எறும்பு ஊர்வது மாதிரி ஊர வேண்டும், பென்சில் அதே வேகத்தில் தாளில் ஊர வேண்டும். வருவது வேப்பிலை மாதிரி இருக்காது, கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும். பரவாயில்லை. அப்புறம் பக்கத்தைத் திருப்பி, இந்த முறை பார்த்து வரையுங்கள். ஓரத்தில் ரம்பப் பல் இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு சிற்றிலையும் அரிவாள் மாதிரி ஒரு பக்கம் வளைந்திருப்பதும், அடிப்பாகத்தில் நரம்புக்கு இரண்டு பக்கமும் சமமாக இல்லாததும் கை அங்கே போகும்போதுதான் தெரியும். நுனியில் ஒற்றைச் சிற்றிலை இருக்கிறதா என்று பாருங்கள். பல கொத்துகளில் இருக்காது, ஜோடியோடு முடிந்துவிடும். மாரியம்மன் கோவில் தோரணத்தில் ஆயிரம் தடவை பார்த்த இலைதான்.

பக்கத்தின் மூலையில் தேதி, நேரம், இடம், வெயிலா மேகமா என்று எழுதிவிடுங்கள். மனசில் எழும் கேள்வியையும் தமிழில் கிறுக்கி வையுங்கள். எனக்குப் படத்தைவிட இந்தக் கிறுக்கல்தான் பின்னால் அதிகம் உதவியிருக்கிறது. ஒரு பனையில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடுகளை வரைந்தபோது, சிலவற்றுக்கு மட்டும் கீழே குழாய் இல்லை, தலைகீழாக மாட்டிய தொப்பி மாதிரிப் பாதியில் நிற்கிறதே என்று எழுதிவைத்தேன். பிறகு தேடிப் படித்தேன். கூடு கட்டுவது ஆண். பாதி கட்டிவிட்டுப் பெண்ணை அழைக்கும். வந்து பார்க்கிற பெண்ணுக்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டி முடிக்கும், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடும். பெண் பார்க்கும் படலம், ஆனால் இங்கே பார்க்க வருவது பெண். வெறுமனே வேடிக்கை பார்த்திருந்தால் எல்லாக் கூடும் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். குழாய் வரையக் கீழே போன பென்சில் அந்தரத்தில் நின்றதால்தான் கேள்வி வந்தது.

மரத்துக்குப் போகும்போது ஒரு யுக்தி. கிளையை வரையாமல், கிளைக்கு நடுவில் தெரிகிற வானத்தை வரையுங்கள். கிளை என்றதும் மனசு தன்னிடம் இருக்கும் பழைய கிளையை எடுத்து நீட்டும். வானத் துண்டுக்கு அதனிடம் மாதிரிப் படம் கிடையாது, அதனால் பார்த்துத்தான் ஆக வேண்டும். நிழலை முதலிலேயே ஒரு கோட்டில் சுற்றிக் குறித்துவிடுங்கள். பூமி ஒரு மணிக்கு 15 பாகை திரும்புகிறது, நீங்கள் இலை போட்டு முடிப்பதற்குள் நிழல் வேறு இடத்தில் இருக்கும். அசைகிற பறவைக்கு வேறு வழி உண்டு. ஒரே பக்கத்தில் நாலைந்து படத்தை ஆரம்பித்து எல்லாவற்றையும் பாதியில் விடுங்கள். மைனா தலையைத் திருப்பினால் அடுத்ததற்குப் போய்விடுங்கள். பழைய நிலைக்குத் திரும்பினால் பழைய படத்துக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் திரும்பும். ஒவ்வொரு பறவைக்கும் பிடித்த நாலைந்து நிலைதான் இருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியவரும்.

கலர் வேண்டும் என்று ஆறு மாதம் கழித்துத் தோன்றினால் சின்ன வாட்டர்கலர் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் இருக்கும் பச்சையை அப்படியே பூசாதீர்கள், பெயின்ட் அடித்த கதவு மாதிரி இருக்கும். மஞ்சளும் நீலமும் கலந்து துளி சிவப்பு விட்டால் நம் ஊர் மரத்தின் பச்சை வரும். சித்திரை மாதம் பத்து மணிக்கு மேல் மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பிரஷ் தாளைத் தொடுவதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும்.

கூச்சத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முதல் நாளே அது வரும். பின்னால் ஆள் வந்து நிற்பார். நம் ஊரில் கண்மாய்க் கரையில் ஒருவன் அட்டையும் தாளுமாக உட்கார்ந்திருந்தால் அவன் வருவாய்த்துறை ஆள்தான். "சார், சர்வேயா? பட்டா எதும் மாத்துறாங்களா?" என்று கேட்பார்கள். படத்தைக் காட்டிவிடுங்கள், பயம் தெளிந்துவிடும். ஒருமுறை நான் இரண்டு பனையை வரைந்து முடித்துத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா முன்னாடி நிக்கிறது ஆண்பனையில்ல? அதுல எதுக்கு நுங்குக் குலையப் போட்டிருக்கீங்க?" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். பின்னால் நின்ற பெண்பனையின் குலையை முன்னால் நின்ற ஆண்பனையில் மாட்டியிருந்தேன். பனையில் ஆண், பெண் தனித்தனி மரம் என்று வகுப்பில் சொன்னவன் நான். "நான் காலேஜ் வாத்தியார்" என்று அன்று அவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

செடியைப் பார்த்து வரைவது நம் பக்கத்தில் புதிதும் இல்லை. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1819இல் மதராஸ் வந்து, 1853 வரை தென்னிந்தியச் செடிகளைச் சேகரித்தார். அவர் வெளியிட்ட படங்களில் ஏராளமானவை ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள் வரைந்தவை. வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைத்தார். தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜியும் பறவை, விலங்குகளை ஓவியர்களை வைத்து வரையச் செய்தார். என் துறையில் முப்பது வருடம் இருந்தும், இந்த ஓவியர்களின் பெயரை நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தப் பழக்கம் வந்த பிறகுதான் அவர்களைத் தேடிப் போனேன்.

இனி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் கால் மணி நேரம் நிதானமெல்லாம் வராது. எரிச்சல்தான் வரும். கொசு கடிக்கும், கை பாக்கெட்டில் இருக்கும் போனைத் தேடும், படம் கண்றாவியாக இருக்கும், இதற்காகவா ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டோம் என்று இருக்கும். இருபதாவது நிமிடத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று பிடிபடும், ஒரு காம்பின் வளைவோ ஒரு நரம்போ. அதன் பிறகு நேரம் தெரியாது. சில நாள் அதுவும் நடக்காது, வெறும் எரிச்சலோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். மனச்சோர்வோ தூக்கமின்மையோ பெரிதாக இருந்தால் மருத்துவரைப் பாருங்கள், பென்சில் அதற்கு மருந்தில்லை.

இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட ஒரே மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதுதான் எனக்குப் பிடிக்கும். வாரம் ஒரு நாள், அதே வேம்பு. மாசியில் இலை கொட்டும், பங்குனியில் செம்பு நிறத்தில் தளிர் வரும், சித்திரை பிறக்கும்போது பச்சடிக்குப் பூ இருக்கும். பூவரசு இருந்தால் இன்னும் வசதி, வருடம் முழுக்கக் காத்திருக்க வேண்டாம். காலையில் வெளிர் மஞ்சளாக இருக்கும் பூ சாயங்காலத்துக்குள் சிவக்க ஆரம்பித்துவிடும். ஒரே பூவைக் காலை, மத்தியானம், மாலை என்று மூன்று தடவை வரைந்தால் ஒரு பக்கத்தில் ஒரு நாள் அடங்கிவிடும். பீப்பி ஊத இலை பறித்ததோடு சரி, சின்ன வயசில் அந்தப் பூவை நான் பார்த்ததாக ஞாபகமே இல்லை.

மதுரையில் எங்கே போகலாம் என்றால், நான் கீழக்குயில்குடிக்குத்தான் போகச் சொல்வேன். தேனி ரோட்டில் போய் உள்ளே திரும்ப வேண்டும். சமணர் மலை, அடிவாரத்தில் அய்யனார் கோவில், ஆலமரம், தாமரைக் குளம், எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. சூரியன் பாறை மேல் ஏறுவதற்கு முன்னால், ஆறரைக்குள் போய்விடுங்கள். திருவிழா நாளில் போனால் படம் வரைய இடம் கிடைக்காது. ஷூ போட்டுக்கொள்ளுங்கள், கரையெல்லாம் சீமைக்கருவேல முள். உட்காருகிற கல்லை ஒருமுறை புரட்டிப் பாருங்கள், அடியில் தேள் இருக்கலாம். கூட்டில் குஞ்சு இருக்கிற மரத்துக்குக் கிட்டே போகாதீர்கள். குளத்து ஓரத்தில் கோணிச்சாக்கு மாதிரி ஏதாவது நின்றால் மெதுவாக உட்கார்ந்து, கழுத்தில் ஆரம்பியுங்கள்.